ஒயின் பாருக்கு முதன்முறை வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஓர் ஒயின் பாரில் 11 ஆண்டுகளாகப் பரிமாறுகிறேன். வாரத்தில் நான்கைந்து மேசைகளிலாவது தமிழ்ப் பேச்சு கேட்கும். ஒயின் பட்டியலைக் கையில் கொடுத்ததும் அந்தப் பேச்சு சட்டென்று அடங்கிவிடும். சிறிது நேரம் கழித்து ஒருவர் தாழ்ந்த குரலில், "தம்பி, ஒன்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே?" என்பார். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தப்பாக நினைக்க எதுவுமே இல்லை. கேட்கிற மேசைக்குப் பரிமாறுவதுதான் எங்களுக்கும் எளிது.

ஒயின் பார் என்பது குடிக்கிற இடமா, சாப்பிடுகிற இடமா?

சாப்பிடுகிற இடம் என்று நினைத்துக்கொண்டு வாருங்கள். நல்ல ஒயின் பாரில் சமையற்கட்டுக்குத்தான் முதல் மரியாதை. பாலாடைக்கட்டித் தட்டு, ஆலிவ், சிப்பி, பொரித்த கணவாய், வாட்டிய கோழி, ஆட்டிறைச்சி என்று சிறு சிறு தட்டுகளாக வரும். நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து உண்ணலாம். நான்கு பேருக்கு ஐந்தாறு தட்டுகள் சரியாக இருக்கும். பங்சாரின் தெலாவி சாலைகளிலும், சங்கட் புக்கிட் பிந்தாங்கிலும், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலிலும் இத்தகைய இடங்கள் இருக்கின்றன. பினாங்கில் என்றால் ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் பார்க்கலாம். அந்த நகரம் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு, பூட்டிக் கிடந்த பல வீடுகள் உணவகங்களாகத் திறந்துகொண்டன. வெள்ளி, சனி இரவுகளில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

வெறும் வயிற்றில் மட்டும் தொடங்க வேண்டாம். முதல் தட்டு மேசைக்கு வந்து, கொஞ்சம் பசியாறிய பிறகு முதல் மடக்கு குடியுங்கள். ஒவ்வொரு மேசைக்கும், நீங்கள் கேட்காமலே தண்ணீரை வைத்துவிடுவேன். உங்கள் மேசையில் வைக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

ஒயினைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எப்படிக் கேட்டு வாங்குவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெரியாது என்று சொல்கிற நம்மவர்களுக்குத் தெரிந்திருப்பது அவர்கள் நினைப்பதைவிட அதிகம்.

சிவப்பு ஒயினில் டானின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும், சில சமயம் மரப்பீப்பாயிலிருந்தும் வருவது. அது நாக்கை இழுத்துப் பிடிக்கும், ஈறு உலர்ந்தது போலாகும். பிற மொழி பேசும் வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்கப் பல நிமிடங்கள் ஆகும். தமிழில் அதற்கு ஒரே சொல் போதும்: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக எண்ணி, பாக்கிலும் வாழைப்பூவிலும் கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் அதைப் பழகிய நாக்கு நம்முடையது.

ஒருமுறை ஒரு குடும்பம் வந்திருந்தது. மருமகன் பிறந்தநாளுக்காக அத்தையையும் அழைத்து வந்திருந்தார்கள். அந்த அம்மா பேராக்கில் தோட்டத்தில் வளர்ந்தவர், ஒயின் குடிப்பது அதுவே முதல்முறை. இத்தாலியின் பீட்மான்ட் வட்டாரத்து நெபியோலோ திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் ஒரு விரற்கடை அளவு ஊற்றினேன். பார்வைக்கு வெளிர் நிறம், துவர்ப்போ கடுமை. அவர் ஒரு மடக்குக் குடித்தார், நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தார், விரல்நுனிகளை ஒன்றோடொன்று உரசிக்கொண்டார். "வாழைப்பூ ஆய்ந்தால் கையில் ஒன்று பிடிக்குமே, அது நாக்கில் பிடித்திருக்கிறது" என்றார். நெபியோலோவைப் பற்றி நான் படித்த எந்தக் குறிப்பும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. "இதோடு கொழுப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும் தம்பி" என்று அவரே தொடர்ந்தார். அதுவும் சரிதான். டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. கொழுப்புள்ள ஆட்டிறைச்சியோ பாலாடைக்கட்டியோ வாயில் இருந்தால் பிடிப்பு தளர்ந்துவிடும். கெட்டித் தேநீரில் பால் சேர்த்ததும் துவர்ப்பு அடங்குகிறதே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது.

ஆகவே பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வராதீர்கள். பரிமாறுகிறவரிடம் சுவையைச் சொல்லுங்கள்: "புளிப்பு பிடிக்கும், துவர்ப்பு வேண்டாம்." "இனிப்பு இல்லாமல், எலுமிச்சை போல இருக்கட்டும்." "கனமாக, பழுத்த பழத்தின் மணத்தோடு." இப்படி ஒரே வாக்கியம் போதும், பட்டியலில் நாற்பது பெயர் இருந்தால் அது மூன்றாகச் சுருங்கிவிடும். அதோடு செலவழிக்க நினைக்கும் தொகையையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மேசையில் சொல்லக் கூச்சமாக இருந்தால் பட்டியலில் ஒரு விலைமேல் விரலை வைத்து, "இதுபோல ஒன்று" என்று சொன்னால் நாங்கள் புரிந்துகொள்வோம்.

போத்தலைத் திறந்து கொஞ்சம் மட்டும் ஊற்றிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்களே, நான் என்ன செய்ய வேண்டும்?

கிளாஸை மெல்லச் சுழற்றி, முகர்ந்து பாருங்கள். வேண்டுமானால் ஒரு மடக்குக் குடியுங்கள். அந்தச் சிறு அளவை ஊற்றுவது ஒயின் கெட்டிருக்கிறதா என்று நீங்கள் பார்ப்பதற்காக. பிடித்திருக்கிறதா என்பதை முதலிலேயே பேசி முடித்திருக்க வேண்டும்.

கெட்டதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. இயற்கைத் தக்கையில் சில நேரம் டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு வேதிப்பொருள் உருவாகி ஒயினுக்குள் இறங்கிவிடும். உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் பழத்தின் மணத்தை முழுவதுமாக விழுங்கிவிடும். மழையில் நனைந்து பாதி உலர்ந்த நாளிதழ்க் கட்டின் வாடை அடித்தால் அதுதான். தயங்காமல் சொல்லுங்கள், வேறு போத்தல் கொண்டுவர வேண்டியது எங்கள் கடமை. காடி வாடை அடித்தாலும் சொல்லலாம்.

திருகுமூடி போட்டிருந்தால் மலிவான ஒயின் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைச் செய்பவர்கள் பலர் 2000ஆம் ஆண்டில் சேர்ந்து திருகுமூடிக்கு மாறியதே இந்தத் தக்கை வாடையிலிருந்து தப்பத்தான்.

நமக்குக் காரம் இல்லாமல் சாப்பாடு இறங்காது. காரத்தோடு எந்த ஒயின்?

துவர்ப்பு மிகுந்த, மதுச்செறிவு 14 விழுக்காட்டைத் தாண்டிய சிவப்பு ஒயினைக் காரத்தோடு சேர்க்காதீர்கள். மிளகாய் தூண்டுகிற அதே நரம்பு முனைகளை மதுவும் தூண்டுகிறது. வாய் இரண்டு மடங்கு எரியும், ஒயினும் கசக்கும். கைநிறையச் செலவழித்து வாங்கிய நல்ல காபர்நே சோவின்யோன் என்ற துவர்ப்பான சிவப்பு ஒயினைச் சம்பால் இறாலோடு குடித்துவிட்டு, ஒயின் நன்றாக இல்லை என்று போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கும். போத்தலிலும் தட்டிலும் குறை இல்லை, சேர்க்கைதான் தவறு.

காரத்துக்கு நான் முதலில் எடுப்பது ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கில் காபினெட் வகை. மெல்லிய இனிப்பு, கூர்மையான புளிப்பு, பெரும்பாலும் 8 முதல் 10 விழுக்காடு மது. இனிப்பு எரிச்சலைத் தணிக்கிறது. புளி கரைத்து வைத்த மீன் தலைக் கறிக்கு எதிரில் நிற்க அந்தப் புளிப்புதான் வேண்டும். உணவு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் தண்ணீராகத் தெரியும். பலகாரம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். இந்த இரண்டையும் நினைவில் வைத்திருந்தால் பெரும்பாலும் தவறு நேராது.

மிளகு தூக்கலான ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு, துவர்ப்பு மென்மையான கிரெனாஷ் என்ற சிவப்பு ஒயின் நன்றாகப் பொருந்தும். சிரா திராட்சையிலேயே கருமிளகின் மணம் உண்டு. ரோட்டன்டோன் என்ற ஒரே சேர்மம்தான் மிளகிலும் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது. எண்ணெயில் பொரித்த எதற்கும் நுரைக்கும் ஒயின் பொருந்தும். தீபாவளிக்கு வீட்டில் முறுக்கு மிஞ்சியிருந்தால், குளிரவைத்த ஸ்பானிய காவா ஒரு போத்தல் வாங்கிச் சேர்த்துப் பாருங்கள். உப்பும் மொறுமொறுப்பும் நுரையும் சேரும்போது நான் சொல்வது புரியும்.

எவ்வளவு செலவாகும்? விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் எதற்கு?

கோலாலம்பூரில் ஒரு கிளாஸ் பெரும்பாலும் 35 முதல் 60 ரிங்கிட் வரை. திராட்சை ஒயின் ஏறத்தாழ அனைத்தும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இறக்குமதித் தீர்வையும் கலால் வரியும் விலையில் அடங்கியிருக்கின்றன. கூட்டல் குறிகளில் ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இன்னொன்று 6 விழுக்காடு அரசாங்கச் சேவை வரி. 200 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டால் ரசீது 232 ரிங்கிட் அளவில் வரும். 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடாகவே விடப்பட்டது. அன்பளிப்பு தர வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை.

சொந்தப் போத்தலைக் கொண்டுவந்தால் திறந்து பரிமாற ஒரு கட்டணம் உண்டு, கார்க்கேஜ் என்பார்கள். இடத்துக்கு இடம் மாறும். போத்தலோடு வாசலில் நின்றுகொண்டு கேட்காமல், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளாஸாக வாங்குவதா, போத்தலாக வாங்குவதா?

ஒரு போத்தலில் 750 மில்லிலிட்டர் இருக்கும். 150 மில்லிலிட்டர் வீதம் ஊற்றினால் ஐந்து கிளாஸ், 125 வீதம் ஊற்றினால் ஆறு. நான்கு பேர் ஒரே ஒயினைக் குடிக்கப் போகிறார்கள் என்றால் போத்தல் லாபம். ஆளுக்கொரு ருசி என்றாலோ, இருவர் மட்டும் வந்திருந்தாலோ கிளாஸே நல்லது. வாங்கிவிட்டோமே என்று போத்தலை முடிப்பதற்காகக் குடிப்பது இந்தத் தொழிலில் நான் பார்க்க விரும்பாத காட்சி.

சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்கிறார்களே?

குளிர்நாட்டு வீடுகளை வைத்துச் சொன்ன பேச்சு அது. சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் ஏற்றது. நம் ஊரில் திறந்தவெளி மேசையில் இரவிலும் சூடு அதைவிட மிக அதிகம். அந்தச் சூட்டில் மதுவின் நெடி மட்டுமே மூக்கில் ஏறும். பனிக்கட்டி வாளியில் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். யாராவது விசித்திரமாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களும், மாட்டிறைச்சி தொடாதவர்களும் எதைக் கவனிக்க வேண்டும்?

காய்கறித் தட்டு என்று எழுதியிருந்தாலும், அடியில் ஊற்றிய குழம்பு மாட்டெலும்புச் சாறாக இருக்கலாம். உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் பொரிக்கும் சமையற்கட்டுகளும் உண்டு. பாலாடைக்கட்டியிலும் கவனம் தேவை. பார்மிஜானோ ரெஜியானோ என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைப்பொருளால்தான் செய்யப்பட வேண்டும் என்பது அதன் விதி. தாவர உறைப்பொருளில் செய்த வேறு பாலாடைக்கட்டிகளும் கிடைக்கும், கேட்டு வாங்கலாம்.

ஒயினிலேயே ஒரு செய்தி இருக்கிறது. கலங்கலைத் தெளியவைக்கச் சிலர் முட்டை வெண்கருவையோ, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளையோ, பாலின் புரதத்தையோ பயன்படுத்துகிறார்கள். அது அடியில் படிந்து நீக்கப்பட்டுவிடும் என்றாலும், கடுமையான விரதம் காப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். களிமண் வகை ஒன்றைக் கொண்டு தெளியவைத்த ஒயின்களும் பல. புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், சமையற்காரரிடம் நின்று விசாரித்து வைப்பேன்.

மது அருந்தாத நண்பர்களையும் முஸ்லிம் நண்பர்களையும் அழைத்து வரலாமா?

மது அருந்தாதவரைத் தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வற்புறுத்தாதீர்கள். "ஒரு வாய்தானே" என்று நான்கு பேர் சேர்ந்து ஒருவரை நெருக்குவதை நாங்கள் தூரத்திலிருந்து பார்க்கிறோம். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். காரணம் கேட்பதுகூடத் தேவையில்லை. சாத்துக்குடிச் சாறோ குளிர்ந்த தேநீரோ அதே அழகான கிளாஸில் கொண்டுவந்து வைப்போம்.

முஸ்லிம்களுக்கு மது அருந்துவது மாநில ஷரியா சட்டப்படி குற்றம். மது பரிமாறும் இடத்தில் உட்காரவே விரும்பாதவர்கள் பலர் இருப்பார்கள். அந்த நண்பர் விருந்தில் இருக்க வேண்டும் என்று மனதார நினைத்தால் அன்று வேறோர் இடத்துக்குப் போங்கள். ஒயின் பாருக்கு இன்னொரு நாள் வரலாம்.

எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?

21. முன்பு 18 ஆக இருந்தது, 2017 டிசம்பர் 1 முதல் மாறியது. அடையாள அட்டையைக் கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெண்கள் தனியாகவோ தோழிகளோடோ வரலாமா?

வரலாம், வருகிறார்கள். பக்கத்து மேசையிலிருந்து தொந்தரவு வந்தால் உடனே எங்களை அழையுங்கள். இடம் மாற்றித் தருவோம், தேவைப்பட்டால் தொந்தரவு செய்தவரை வெளியே அனுப்புவோம்.

நம் மக்களைக் கள்ளும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் அழித்தது போதாதா? இப்போது ஒயினுமா?

ஒரு பெரியவர் பேத்தியின் பட்டமளிப்பு விருந்துக்கு வந்து, ஒயினைத் தொடாமல் உட்கார்ந்திருந்து, போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் சொன்னது உண்மை. ரப்பர்த் தோட்டங்களில் கூலி கொடுத்த கையே கள்ளுக்கடைக்கும் இடம் கொடுத்தது. 1947இல் கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் திரண்ட தோட்டத் தொழிலாளர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள், காவல்துறையின் அடியை வாங்கினார்கள். கள் போன இடத்தில் மலிவான சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். மது என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது.

திராட்சை மது நமக்குப் புதியதல்ல என்றும் சிலர் வாதிடுவார்கள். யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைச் சங்கப் பாடல் பேசுகிறது, அரிக்கமேட்டில் ரோமானிய மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பழம்பெருமையை வைத்துப் பெரியவரின் கேள்வியைக் கடந்துவிட நான் விரும்பவில்லை.

இன்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: ஐயா, கிளாஸ் அழகாக இருப்பதால் உள்ளே இருப்பது வேறாகிவிடாது. 13 விழுக்காட்டு ஒயின் ஒரு கிளாஸில் சுமார் 15 கிராம் தூய மது இருக்கிறது, 320 மில்லிலிட்டர் பீர் டின் ஒன்றைவிடச் சற்று அதிகம். வீட்டில் யாராவது குடிக்கு அடிமையாகி மீண்டு வந்திருந்தால், அவரை இங்கே அழைத்து வராதீர்கள். வீட்டுச் செலவுப் பணம் கரைகிறது என்றால் நீங்களும் வராதீர்கள். கள்ளுக்கடையில் நம்மவர்கள் குடித்தது களைப்பையும் அவமானத்தையும் மறக்க. மறப்பதற்காக இங்கே வருகிறவரையும் எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அவருக்கு மூன்றாவது கிளாஸை நான் ஊற்றுவதில்லை.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?

அந்த நம்பிக்கையோடு குடிக்காதீர்கள். உடல்நலத்துக்குக் கேடில்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தடுமாற்றத்தைப் பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், உடன் வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள். கருவுற்றிருப்பவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

இரண்டு கிளாஸ்தான் குடித்தேன். காரை ஓட்டிக்கொண்டு போகலாமா?

கூடாது. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத்திருத்தம் ரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தது, மூச்சில் 35 மைக்ரோகிராமிலிருந்து 22 ஆக. முதல் குற்றத்துக்கே குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், சிறைத் தண்டனையும் உண்டு. உயிரிழப்பு ஏற்பட்டால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை.

ஒரு கிளாஸைக் கரைக்க உடம்புக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேண்டும். காபியோ, எலுமிச்சைச் சாறோ, குளிர்நீர்க் குளியலோ அந்த நேரத்தைக் குறைப்பதில்லை. வரும்போதே காரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். புக்கிட் பிந்தாங்கிலும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலிலும் எம்ஆர்டி நிலையம் இருக்கிறது. நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும், பிறகு கைபேசியில் கிரேப் வாடகைக் காரை அழைத்துக்கொள்ளலாம். காரோடு வந்துவிட்டால் சாவியை என்னிடம் கொடுங்கள், மறுநாள் காலை வந்து வாங்கிக்கொள்ளலாம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அதற்காகவே ஒரு பித்தளைக் கொக்கி அடித்து வைத்திருக்கிறேன்.

போத்தலில் மிச்சம் இருந்தால்?

எடுத்துச் செல்லுங்கள், நீங்கள் பணம் கொடுத்தது. தக்கையை இறுக அடைத்துத் தருவோம். சிவப்பானாலும் வெள்ளையானாலும் குளிர்பெட்டியில் நிறுத்தி வையுங்கள், மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் குடிக்க வேண்டாம். ஆட்டிறைச்சியை அடுப்பில் ஏற்றும்போது, வெங்காயம் வதங்கியதும் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினை ஊற்றி, பாதியாக வற்றும்வரை விட்டு, பிறகு மிளகைப் போடுங்கள்.